வெறுங்கால் வீரர் முகமது சலீம்

எழுதியது: ஒன்பதாம் வகுப்பு மாணவி



போன மாதச் சுவர் இதழில் சர் சி.வி. ராமன் வாழ்க்கை வரலாறு வந்தது. அதற்கு முந்தின மாதம் அன்னை தெரசா. இந்த மாதம் என் முறை. நான் ஒரு கால்பந்து வீரரைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் எங்க கிளாஸ் பொண்ணுங்க சிரிச்சாங்க. பந்து விளையாடுறவங்களுக்கெல்லாம் வாழ்க்கை வரலாறு உண்டாடின்னு கேட்டாங்க. உண்டு. முழுசா படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

சண்டை ஆரம்பம்

இந்தக் கட்டுரை ஒரு சண்டையில்தான் ஆரம்பிச்சது. எங்க பெரியப்பா வீடு சிதம்பரத்தில் இருக்கு. காலாண்டு லீவுக்கு அங்கே போயிருந்தேன். பெரியப்பா மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்குது. அந்த அண்ணனுக்குக் கால்பந்துன்னா உயிர். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்ற ஊரில் செல்டிக் என்று ஒரு கிளப் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்குச் சாப்பாடு போடப் பணம் சேர்க்கணும் என்பதற்காக 1887-இல் ஒரு துறவி ஆரம்பித்த கிளப் அது. அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே பிறவித் திறமை அதிகம் உள்ள வீரர் யார் என்று அண்ணன் என்னிடம் கேட்டது. எனக்கு எப்படித் தெரியும்? அதுவே கேட்டு அதுவே பதிலும் சொல்லுச்சு.

முதலில் பேட்ஸி கேலகர். ஒல்லியான உடம்பு. 1925-ஆம் வருஷம் கோப்பை இறுதி ஆட்டத்தில் எல்லாரும் சேர்ந்து இவரைக் கீழே தள்ளிட்டாங்க. பந்தை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கிட்டு, அப்படியே குட்டிக்கரணம் போட்டு பந்தோடு கோலுக்குள்ளே போய் விழுந்தாராம். அடுத்தவர் ஜிம்மி ஜான்ஸ்டன். குள்ளமானவர், செம்பட்டை முடி. பந்தை எடுத்தால் நாலு பேரைச் சுத்திட்டுதான் விடுவார். 2002-இல் செல்டிக் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு இவரைத்தான் கிளப்பின் மிகச் சிறந்த வீரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். அண்ணனுடைய ஓட்டும் ஜான்ஸ்டனுக்குத்தான்.

பேசிக்கிட்டே செல்போனில் பழைய படங்களைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். பார்த்தா நம்ம ஊர் ஆள் மாதிரி இருக்கார். ஒரு வெள்ளைக்காரர் அவர் முன்னால் மண்டி போட்டு, காலுக்குத் துணி சுத்திக்கிட்டு இருக்கார். அந்தக் காலில் பூட்ஸ் இல்லை. இவர் யாருன்னு கேட்டேன். அண்ணன் சொன்னதையும், அப்புறம் நானே தேடிப் படிச்சதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

முகமது சலீம் 1904-ஆம் ஆண்டு கல்கத்தாவில் மெட்டியாபுரூஸ் என்ற இடத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. அவருக்கு ஏழு வயசு இருக்கும்போது கல்கத்தாவில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் என்ற நம் நாட்டு அணி, கிழக்கு யார்க்‌ஷயர் என்ற ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை 2-1 என்று ஜெயிச்சுக் கேடயம் வாங்கியது. மோகன் பகானின் 11 பேரில் ஒருத்தர் மட்டும்தான் பூட்ஸ் போட்டிருந்தார். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். ஆண்டுகொண்டிருந்தவர்களை வெறுங்காலால் ஜெயிச்சதால் கல்கத்தாவே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளில் சலீமும் ஒருவர்.

அவர் படித்தது மருந்து கொடுக்கிற படிப்பு. ஆனால் மனசெல்லாம் மைதானத்தில். 1926 வாக்கில் சின்ன கிளப்பில் ஆரம்பித்து, பல கிளப்புகளில் ஆடி, கடைசியில் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு வந்தார். வலது ஓரத்தில் ஓடி, நடுவில் நிற்கிறவருக்குப் பந்து கொடுப்பதுதான் அவர் வேலை.

1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீக் பட்டத்தை ஜெயித்தது. அதுவரைக்கும் வெள்ளைக்கார அணிகள்தான் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டிருந்தன. அதை ஜெயித்த முதல் இந்திய கிளப் இதுதான். ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பட்டம் இவர்களுக்கே.

கப்பல் ஏறினார்

1936-இல் சீனாவின் ஒலிம்பிக் அணி ஜெர்மனிக்குப் போகிற வழியில் கல்கத்தாவில் ஆடியது. அந்த அணிக்கு எதிராக இரண்டு ஆட்டங்களுக்கு சலீமைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் நன்றாக ஆடினார். இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணோம்! தேடித் தேடிப் பார்த்துப் பத்திரிகையில் விளம்பரம்கூட கொடுத்தார்களாம். அதற்குள் அவர் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்.

விஷயம் என்னவென்றால், இங்கிலாந்தில் இருந்த ஹாஷிம் என்ற உறவினர் கல்கத்தா வந்திருந்தார். சலீம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, இந்தத் திறமை இங்கேயே இருக்கக் கூடாது, வெளிநாட்டில் போய் ஆடிக் காட்டணும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கெய்ரோ வழியாக லண்டன், அங்கிருந்து கிளாஸ்கோ. அப்போது சலீமுக்கு 32 வயசு. கால்பந்தில் 32 என்றால் நிறைய பேர் விளையாட்டை விடப் போகிற வயசு. அந்த வயசில் அவர் முன்பின் தெரியாத ஊருக்குப் போனார்.

கிளாஸ்கோவில்

செல்டிக் கிளப்பின் மேனேஜர் வில்லி மேலி. 1897-இலிருந்து அந்தப் பொறுப்பில் இருந்தவர். ஹாஷிம் நேராக அவரிடம் போய், இந்தியாவிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரரைக் கூட்டிவந்திருக்கிறேன், ஆனால் அவர் வெறுங்காலில்தான் ஆடுவார் என்று சொன்னார். மேலிக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஊரில் எல்லாரும் ஆணி வைத்த கனமான பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். ஒரு மிதி மிதிச்சா விரல் என்ன ஆகும்? இருந்தாலும் ஆடிக் காட்டட்டும் என்றார்.

கிளப் ஆட்கள் முன்னால் சலீம் ஆடிக் காட்டினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். சோதனைக்கு வந்தவர் ஆட்டத்துக்குத் தேர்வாகிவிட்டார். அவர் காலுக்கு பூட்ஸுக்குப் பதில் துணிக்கட்டு. நான் பார்த்த படத்தில் மண்டி போட்டுக் கட்டு போடுகிறவர் ஜிம்மி மெக்மெனமி. அவரும் சாதாரண ஆள் இல்லை. ஒரு காலத்தில் செல்டிக்கின் பெரிய வீரர். நம் நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த 1936-இல் ஒரு வெள்ளைக்காரர் ஓர் இந்தியரின் காலடியில் உட்கார்ந்து கட்டு போட்டிருக்கிறார். விளையாட்டு மைதானத்தில்தான் இப்படி எல்லாம் நடக்கும் என்று நினைக்கிறேன்.

ஹாமில்டன் அணியோடு ஓர் ஆட்டம், கால்ஸ்டன் அணியோடு ஓர் ஆட்டம். இரண்டிலும் செல்டிக்குக்கு வெற்றி. கால்ஸ்டனோடு 1936 ஆகஸ்டில் நடந்த ஆட்டத்தில் 7-1. அந்த ஏழு கோலில் மூன்று சலீம் எடுத்துக் கொடுத்த பந்தில் வந்தது. மறுநாள் பேப்பரில் அவர் கால் விரல்களைப் பற்றியே எழுதியிருந்தார்கள். பந்தைப் பெருவிரல் மேல் நிறுத்தி, அங்கிருந்து சுண்டுவிரல் வரைக்கும் உருட்டி, ஒற்றைக் காலில் நொண்டி எதிராளியைத் தாண்டி, நடுவில் இருக்கிறவருக்குத் தட்டிவிடுவாராம். பாண்டி ஆடும்போது நாம் நொண்டுவோமே, அது மாதிரி! பூட்ஸ் போட்டவங்களால இது முடியுமா? விரல் வெளியே இருந்தால்தானே முடியும்.

பெனால்டி அடிக்கச் சொன்னபோது அவர் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் பேப்பரில் வந்தது. இவ்வளவு திறமை இருந்தும் கூச்சம்!

ஊர் ஞாபகம்

சலீமைத் தங்க வைக்க செல்டிக் ஆசைப்பட்டது. அவருக்காக ஒரு ஆட்டம் நடத்தி, வசூலில் ஒரு பங்கு தருகிறோம் என்றுகூட சொன்னார்களாம். அந்தப் பணத்தை ஆட்டம் பார்க்க வந்திருந்த அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் என்று சொல்கிறார்கள். ஜெர்மனியிலிருந்தும் அழைப்பு வந்ததாம். ஆனால் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே இருக்க முடியவில்லை. கிளம்பி வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் முகமதன் ஸ்போர்ட்டிங். 1937-இலும் 1938-இலும் பட்டம் வாங்கிய அணியில் அவரும் இருந்தார்.

ரொம்ப வருஷம் கழித்து, வயசான காலத்தில் சலீம் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். பணத்துக்காக இல்லையாம். அப்பாவை அவர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான். பதில் வந்தது, கூடவே 100 பவுண்டுக்கு வங்கி டிராஃப்ட். அதை மாற்றவே இல்லை. அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1980-இல் சலீம் காலமானார். ஐரோப்பாவில் ஒரு கிளப்புக்காக ஆடிய முதல் இந்தியர் என்று இன்றைக்கும் அவரைச் சொல்கிறார்கள்.

அண்ணனும் நானும்

இதைப் படிச்சு முடிச்சதும் என் ஓட்டு சலீமுக்குத்தான் என்று சொன்னேன். அண்ணன் ஒத்துக்கவே இல்லை. ஜான்ஸ்டன் செல்டிக்குக்காக 500 ஆட்டத்துக்கு மேல் ஆடியவர். சலீம் ஆடியது ரெண்டே ரெண்டு, அதுவும் பெரிய லீக் ஆட்டம்கூட இல்லை. தங்கி ஆடியிருந்தா ஒத்துக்கலாம், ஊர் ஞாபகம்னு ஓடி வந்தவரை எப்படிச் சேர்க்கிறது என்று கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியவில்லை. அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் ஜான்ஸ்டனைப் பற்றியும் தேடிப் படிச்சேன். அவருக்கு விமானத்தில் போக பயமாம்! 1968-இல் பெல்கிரேடு நகரத்து ரெட் ஸ்டார் அணியோடு ஆட்டம். முதல் ஆட்டம் கிளாஸ்கோவில், அடுத்த ஆட்டம் பெல்கிரேடில். இங்கே நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயிச்சா நீ அங்கே வர வேண்டாம் என்று மேனேஜர் ஜாக் ஸ்டீன் சொன்னார். பாதி ஆட்டத்தில் 1-1 என்று இருந்தது, முடியும்போது 5-1. பெல்கிரேடுக்கு ஜான்ஸ்டன் போகவே இல்லை. இன்னொன்றும் படிச்சேன். சின்ன வயசில் அவர் வீட்டில் பால் பாட்டில்களை வரிசையாக வைத்து, நடுவில் பந்தை ஓட்டி ஓட்டிப் பழகியிருக்கிறார். அப்போ பிறவித் திறமை என்கிறது என்ன? நாம பழகினதை யாரும் பார்க்கலைன்னா அதுக்குப் பேர் பிறவித் திறமையா?

அண்ணனிடம் இதைச் சொன்னேன். விமானத்துக்குப் பயந்தவரைச் சேர்த்துக்கலாம், வீட்டை நினைச்சவரைச் சேர்க்கக் கூடாதான்னு கேட்டேன். அண்ணன் சிரிச்சிட்டு, கிளப் வரலாற்றில் ஜான்ஸ்டன், காலில் இருக்கிற வித்தையில் சலீம் என்று பாதிக்குப் பாதி ஒத்துக்கிச்சு. ரெண்டு ஆட்டத்தை 500 ஆட்டத்தோடு ஒப்பிட முடியாதுன்னு நானும் ஒத்துக்கிட்டேன்.

என் கதை

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். குறுவட்டப் போட்டியில் நான் ஆடியதைப் பார்த்துவிட்டு, விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை கடலூரில் தேர்வு. எடுத்துட்டா அங்கேயே தங்கிப் படிக்கணும், காலையும் சாயங்காலமும் பயிற்சி. அப்பா போகட்டும் என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கிறாங்க, அவ்வளவுதான்.

எனக்குப் பயமா இருக்கு. சிதம்பரத்தில் பெரியப்பா வீட்டிலேயே மூணாம் நாள் ராத்திரி அம்மாவை நினைச்சு அழுதவள் நான். போய்விட்டு இருக்க முடியாமல் திரும்பி வந்தால் எல்லாரும் கேலி பண்ணுவாங்களே என்று போகாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சலீம் கதையைப் படிச்ச பிறகு அப்படி நினைக்கவில்லை. அவர் திரும்பி வந்தார், அதனால் அவர் காலில் இருந்த வித்தை குறைஞ்சு போகலை. வந்து இங்கேயும் ஜெயிச்சார். ஆனா அவர் முதலில் போனார். போனவங்கதானே திரும்பி வர முடியும்? போகாமலே இருந்திருந்தால் அந்தப் படம் இருந்திருக்காது, நானும் பார்த்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை நான் போகிறேன். பூட்ஸ் இன்னும் வாங்கவில்லை. கேட்டால் வெறுங்காலில் ஆடிக் காட்டுவேன்.

உங்களுக்குத் தெரியுமா?

* 1967-இல் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் ஆடிய 11 பேரும் கிளப் மைதானத்திலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். 30 மைல் என்றால் 48 கிலோமீட்டர். ஏறக்குறைய கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் உள்ள தூரம்! நம்ம பக்கத்திலும் 11 பேர் கிடைக்க மாட்டாங்களா?

* 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றாலும், நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

* 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமெண்டிலிருந்து வந்தவர்.

* இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம்ம கடலூர்க்காரர்.

 உங்கள் ஓட்டு யாருக்கு என்று கீழே ஒட்டியிருக்கிற வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பென்சிலால் எழுதாதீங்க, அழிச்சிடுறாங்க.