ஊர் துறந்த தேசபக்தர்

ஊர் விட்டு ஊர் சென்று குடியேறுதல் உலக வழக்கே. பொருள் நாடிச் செல்வாருளர். கல்வி நாடிச் செல்வாருமுளர். தேசத்தொண்டின் பயனாகவே தம் ஊரை இழந்து அலைந்தோரின் சரித்திரமோ வேறு வகையினது. அவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை என்போம்.

1872-ம் வருஷம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த பிள்ளையவர்கள் அவ்வூரிலேயே வக்கீல் தொழில் தொடங்கி, 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அஃது அவர் தாமே விரும்பிச் செய்த குடியேற்றம். அத்துறைமுகத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல் வர்த்தகத்தை ஆங்கிலக் கம்பெனியே ஆண்டுவரக் கண்ட அவர் வாளா இருந்தாரில்லை. 1906-ல் பங்கொன்று ரூ. 25 வீதம் 40,000 பங்குகளாகப் பத்து லக்ஷம் ரூபாய் மூலதனம் குறித்துச் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். குடியேறிய ஊர் அவரால் தேசமெங்கும் பெயர் பெற்றது.

அதற்கு அவர் செலுத்திய விலை யாது? 1908 மார்ச்சில் கைதானார். ராஜத்துவேஷக் குற்றத்திற்காக ஆயுட்காலத் தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. அப்பீலில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார், கண்ணனூரிலும் சிறையிருந்தார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னது இல்லை. சொந்த ஜில்லாவுக்குத் திரும்பவும் வழியில்லை. சென்னையில் குடியேறிச் சில்லறை வியாபாரத்தால் குடும்பத்தைக் காத்தார். பின்னர், முன்பு கைதியாயிருந்த கோயமுத்தூரிலேயே குடித்தனம் நடத்தினார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். கோவிற்பட்டியில் தொழில் நடத்தி, 1932-ல் தூத்துக்குடிக்கு மீண்டார். 1936 நவம்பர் 18-ல் அங்குள்ள காங்கிரஸ் காரியாலயத்தில் உயிர் நீத்தார்.

சர்க்கார் அவரை ஊரினின்றும் விலக்கியது வியப்பன்று. பகைவர் செயல் அதுவே. அவர் வறுமையுற்று ஊர் ஊராய் அலைந்த காலத்தில், அவர் பேச்சைக் கேட்டு ஆர்ப்பரித்த ஜனத்திரளிற் பெரும்பாலார் எங்குச் சென்றனர் என்பதே நம் நெஞ்சை வருத்தும் கேள்வி. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மகிழ்கின்றோம். எனினும், மறைந்தவர்க்குப் பெயர் சூட்டுதல் எளிது; தொண்டால் வீடிழந்தவர்க்கு அவர் வாழுங்காலத்தே ஒரு வீடளித்தலே கடமை. பொதுப்பணி புரியும் நேயர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.