மகனுக்காகச் செய்த சக்கரம்
உலகத்தை மெத்தையில் ஓடவிட்ட மாட்டு வைத்தியர் டன்லப்பின் கதை

பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, மறுபடி ஓடவைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் பல நாடுகளில் இருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்திய சைக்கிள் ஒன்று கிடைத்துவிட்டால், அவர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி.

அப்படிக் கிடைத்த சைக்கிளில் அவர்கள் எதை முதலில் பார்ப்பார்கள்? சக்கரத்தைத்தான்.

ரிம் ஒடுங்கலாக இருக்கிறதா, அகலமாக இருக்கிறதா? முன் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? இதைப் பார்த்ததுமே வண்டியின் வயதைச் சொல்லிவிடுவார்கள். ரிம் ஒடுங்கலாக இருந்தால், அது கெட்டி ரப்பர் போட்ட வண்டி. அகலமாக இருந்தால், காற்றடைத்த டயர் போட்ட வண்டி. சைக்கிளின் சரித்திரமே இந்த இரண்டு காலமாகப் பிரிந்து நிற்கிறது.

அப்படிப் பிரித்த மனிதர் என்ஜினீயர் அல்ல. சைக்கிள் வியாபாரியும் அல்ல. அவர் ஒரு மாட்டு வைத்தியர். பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

ஸ்காட்லாந்து நாட்டில் டிரெகார்ன் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பண்ணை வீட்டில் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி டன்லப் பிறந்தார்.

பண்ணையில் வளர்ந்த பிள்ளை ஆகையால், ஆடு, மாடு, குதிரைகளோடு பழகினார். எடின்பரோ நகரில் கால்நடை வைத்தியம் படித்தார். 19-வது வயதிலேயே பட்டம் பெற்றார்.

1867-ம் ஆண்டு கடல் கடந்து அயர்லாந்துக்குப் போனார். முதலில் தம் சகோதரரோடு சேர்ந்து ஒரு சிற்றூரில் வைத்தியம் பார்த்தார். பிறகு பெல்பாஸ்ட் என்ற பெரிய நகரத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் மோட்டார் கிடையாது. நகரத்தில் எந்தச் சுமையானாலும் குதிரைதான் இழுக்க வேண்டும். குதிரை நொண்டினால் வியாபாரமே நொண்டும். ஆகவே நல்ல வைத்தியருக்கு ஓயாத வேலை. டன்லப்பின் வைத்தியசாலை அயர்லாந்திலேயே பெரியவற்றில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒரு பெண்ணும், ஒரு பையனும் பிறந்தார்கள். நீண்ட தாடி, அமைதியான பேச்சு, கைநிறைய வேலை. இப்படியே அவர் வாழ்க்கை முடிந்திருக்க வேண்டியது. அவரைப் பற்றி இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அதை மாற்றியது அவருடைய பையனின் மூன்று சக்கர சைக்கிள்!

எலும்பை உலுக்கிய வண்டிகள்

அன்றைய சைக்கிள் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான், டன்லப் செய்த காரியத்தின் அருமை தெரியும்.

1860-களில் வந்த சைக்கிளின் சக்கரம் மரத்தால் ஆனது. அதன் மேல் இரும்புப் பட்டை. அதில் ஏறியவர்களின் எலும்பெல்லாம் ஆட்டம் கண்டது. வண்டிக்கே எலும்பை உலுக்கி என்றுதான் பெயர்.

1870-களில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. பின் சக்கரம் மிகச் சிறியதாயிற்று. சக்கரத்தின் விளிம்பில் கெட்டி ரப்பரை ஒட்டினார்கள். பெரிய சக்கரம் சிறு பள்ளங்களை எளிதாகத் தாண்டியது. ஆனால் மேலே இருந்து விழுந்தால் தலை தப்புவது தம்பிரான் புண்ணியம்.

1885-ம் ஆண்டு இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற சைக்கிளை வெளியிட்டார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின் சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலி. இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கு அதுதான் பாட்டன்.

விழுந்து சாகும் பயம் தீர்ந்தது. ஆனால் இன்னொரு தொல்லை வந்தது. சக்கரம் சிறியதானதால், ஒவ்வொரு கல்லிலும் வண்டி துள்ளியது. கெட்டி ரப்பர் அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை.

தகப்பனாரின் யோசனை

பெல்பாஸ்ட் நகரத்துத் தெருக்களில் கருங்கல் பாவியிருந்தார்கள். நடுவே டிராம் தண்டவாளங்கள் வேறு. டன்லப்பின் மகனுக்கு அப்போது வயது பத்தை ஒட்டி இருக்கும். தன் மூன்று சக்கர சைக்கிளை அந்தக் கல் தெருவில் ஓட்டுவது அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. தகப்பனார் அதைக் கவனித்தார்.

வண்டிக்கும் தரைக்கும் நடுவே மெத்தை போல ஏதாவது இருந்தால் என்ன? காற்றை விட நல்ல மெத்தை ஏது? காற்றை ஒரு ரப்பர்க் குழாயில் அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினால் என்ன?

இப்படி ஓடியது டன்லப்பின் யோசனை. வைத்தியத்துக்கு வேண்டிய ரப்பர்க் கருவிகளைத் தாமே செய்துகொண்டு பழகியவர் அவர். ஆகவே ரப்பரை வெட்டுவதும் ஒட்டுவதும் அவருக்குக் கைவந்த வேலை.

1887-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சோதனையைத் தொடங்கினார். 96 சென்டிமீட்டர் அகலமுள்ள மரவட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர்த் தகட்டை ஒட்டிக் குழாய் ஆக்கினார். அதை வட்டத்தின் விளிம்பில் சுற்றி, மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்றை ஏற்றினார்.

பிறகு மகனின் சைக்கிளிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார்.

சைக்கிள் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ நிற்கவில்லை! முற்றத்தைக் கடந்து போய், எதிரே இருந்த கதவுத் தூணில் மோதித் திரும்பியது!

டன்லப் புரிந்துகொண்டார். காற்றுச் சக்கரம் சொகுசை மட்டும் தரவில்லை, வேகத்தையும் தருகிறது. காரணம் எளிது. கெட்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது வண்டி முழுவதையும் மேலே தூக்க வேண்டியிருக்கிறது. அதில் வேகம் வீணாகிறது. காற்றுச் சக்கரமோ அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

மூன்று சக்கர சைக்கிளின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் போட்டுக் கொடுத்தார். பையன் அதில் ஏறிப் பறந்தான். 1888-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி டன்லப் காப்புரிமைக்கு மனுப் போட்டார். டிசம்பர் 7-ந் தேதி உரிமை கிடைத்தது.

சிரித்தவர்கள் வாய் மூடினார்கள்

காற்று டயர் பருமனாக இருந்ததால், சாதாரண சைக்கிளின் கவைக்குள் நுழையவில்லை. எனவே பெல்பாஸ்டில் எட்லின் கம்பெனியார் அதற்கென்றே அகலமான கவை வைத்துச் சைக்கிள் கட்டினார்கள். பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் இன்று கவையின் இடைவெளியை அளந்து பார்ப்பது இதனால்தான்.

வில்லி ஹியூம் என்பவர் பெல்பாஸ்டில் ஒரு சைக்கிள் சங்கத்தின் தலைவர். அவர் துணிந்து ஒரு காற்று டயர் சைக்கிளை வாங்கினார்.

1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி பெல்பாஸ்ட் குயீன்ஸ் கல்லூரியில் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஹியூம் சைக்கிளோடு வந்தார். வீங்கிய கால் போல இருந்த அந்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது.

பந்தயம் தொடங்கியது. ஹியூம் ஜெயித்தார். அடுத்த பந்தயத்திலும் அவரே. நான்கு சைக்கிள் பந்தயங்கள். நான்கிலும் அவரே முதல்!

தோற்றவர்களில் டப்ளின் நகரத்து வியாபாரி ஹார்வி டுகிராஸின் பிள்ளைகளும் இருந்தார்கள். டுகிராஸ் கெட்டிக்காரர். தம் பிள்ளைகளை ஜெயித்தது ஹியூமின் கால் அல்ல, டன்லப்பின் டயர் என்று கண்டுகொண்டார். அந்த ஆண்டே டப்ளினில் 25,000 பவுன் மூலதனத்தில் டயர்க் கம்பெனி ஒன்று உருவாயிற்று. டன்லப் தம் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பங்குகள் பெற்றுக்கொண்டார்.

இடி விழுந்தது

1890-ம் ஆண்டு ஓர் அதிர்ச்சி. டன்லப்பின் காப்புரிமை செல்லாது!

ஏன்? காற்றுச் சக்கரத்தை அவருக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்துப் பதிவு செய்திருந்தார். அவர் பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1845-ம் ஆண்டு, 23-வது வயதில், அவர் உரிமை பெற்றுவிட்டார். அப்போது டன்லப் ஐந்து வயதுக் குழந்தை.

தாம்சனின் சக்கரத்தைக் குதிரை வண்டிகளில் பூட்டி 1847-ல் லண்டன் பூங்காவில் ஓட்டியும் காட்டினார்கள். ஆனால் அது வியாபாரத்தில் வெல்லவில்லை. சைக்கிளோ, மோட்டாரோ அப்போது இல்லை. தாம்சன் 1873-ல் காலமானார். உலகம் அவரை மறந்தது. டன்லப்புக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

கம்பெனி மூழ்கிவிடும் போல இருந்தது. டுகிராஸ் மனம் தளரவில்லை. முதல் டயர்களில் ஒரு குறை இருந்தது. டயரைச் சக்கரத்தோடு சுற்றி ஒட்டியிருந்தார்கள். பஞ்சரானால் பிரித்து ஒட்டப் பல மணி நேரம் ஆகும். விளிம்பில் கம்பி வைத்து, கழற்றி மாட்டக்கூடிய டயரை வெல்ச் என்பவர் 1890-ல் கண்டுபிடித்தார். டுகிராஸ் அந்த உரிமையை வாங்கினார். வேறு உரிமைகளையும் வாங்கினார். கம்பெனி பிழைத்தது, பிறகு கொழித்தது.

டன்லப்புக்கும் கம்பெனிக்கும் ஒத்துப்போகவில்லை. 1895-ல் அவர் விலகிவிட்டார்.

மறு வருஷமே, 1896-ல், டுகிராஸ் அந்தக் கம்பெனியை ஹூலி என்ற பணக்காரருக்கு 30 லட்சம் பவுனுக்கு விற்றார். ஹூலி அதையே 50 லட்சம் பவுனுக்குப் புதுக் கம்பெனியாக்கிப் பங்குகளை விற்றார். அந்தப் புதுக் கம்பெனிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? டன்லப்! மனிதர் வெளியே போனார். அவர் பெயர் உள்ளே வந்தது.

பெயரும் முகமும்

டன்லப் டப்ளினில் துணிக்கடை ஒன்றை நடத்தும் கம்பெனியில் சேர்ந்து அமைதியாகக் காலம் கழித்தார். பெருஞ்செல்வம் அவரைத் தேடி வரவில்லை.

அவருடைய தாடி முகமே டயரின் அடையாளச் சின்னமாக ஊர் ஊராகச் சுற்றியது. கம்பெனி விளம்பரங்களில் அந்த முகத்துக்குக் கீழே மினுக்கான உடுப்பு, உயரத் தொப்பி, கைத்தடி எல்லாம் போட்டு அவரை ஒரு சொகுசுக்காரராக வரைந்தார்கள். எளிமையாக வாழ்ந்த அந்தக் கிழவருக்கு இது பொறுக்கவில்லை. 80 வயதை நெருங்கிய காலத்தில், தம் பெயர் தாங்கிய கம்பெனி மீதே வழக்குப் போட்டார்! அது லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று.

1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி டப்ளினில் டன்லப் காலமானார். வயது 81.

கண்ணீரும் ரப்பரும்

டயர் பெருகியதால் ரப்பருக்குக் கிராக்கி பெருகியது. அதன் பலன் எங்கும் இனிப்பாக இல்லை. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில், பெல்ஜியம் அரசர் லியோபோல்டின் ஆட்களின் கொடுமைக்கு ஆளாகி, ரப்பர் சேகரித்த மக்கள் ஏராளமாக மாண்டார்கள். மலாயாவில் காடுகளை அழித்து ரப்பர்த் தோட்டம் போட்டார்கள். அங்கே பால்வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். டன்லப் கம்பெனியும் 1910 முதல் மலாயாவில் தோட்டங்கள் வாங்கியது.

ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகச் செய்த சக்கரம் இவ்வளவு தூரம் உருண்டது. நம் நாட்டிலும் அந்தக் கம்பெனி 1936-ல் வங்காளத்தில் சாகாகஞ்சிலும், 1959-ல் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் டயர்த் தொழிற்சாலை வைத்தது.

மிஞ்சிய சக்கரம்

பழைய சைக்கிளில் இரும்பு நிலைக்கும். துருவைச் சுரண்டலாம், முலாம் பூசலாம், தோல் ஆசனத்தைப் புதுப்பிக்கலாம். ரப்பர் மட்டும் நிலைக்காது. வெயிலிலும் காற்றிலும் வெடித்து உதிர்ந்துவிடும். அந்தக் காலத்து டயரோடு சைக்கிள் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் புது டயர்தான் போட வேண்டியிருக்கிறது.

ஆனால் டன்லப் தம் கையால் செய்த முதல் டயர் இன்னும் இருக்கிறது. அவர் படித்த எடின்பரோ நகரத்தின் அரும்பொருட் காட்சிசாலையில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வட அயர்லாந்தில் ஒரு பாங்கி வெளியிட்ட 10 பவுன் நோட்டிலும் அவர் முகம் அச்சாயிற்று.

தாம்சன் முதலில் கண்டுபிடித்தார். டுகிராஸ் பணம் சேர்த்தார். ஆனால் உலகம் மறக்காத பெயர் டன்லப்தான். மகன் படும் சிரமத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போகாமல் நின்ற தகப்பன் அவர்.

வாசலில் உங்கள் பிள்ளையின் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது, அந்தத் தாடிக்கார மாட்டு வைத்தியரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.