கடலைக்கும் பருத்திக்கும் கணக்குக் கேட்ட தீரர் சத்தியமூர்த்தி

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருமயம். பாறை மேல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. அடியில் பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில், பெருமாள் கோயில். அந்த ஊரில் 1887-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் சுந்தர சாஸ்திரியார், வக்கீல். பிள்ளைக்குச் சத்தியமூர்த்தி என்று பெயரிட்டார்கள்.

அந்தப் பிள்ளை பின்னாளில் டில்லி சட்டசபையில் வெள்ளைக்கார மந்திரிகளைத் திணற அடித்தது. நாடு அவரைத் "தீரர்" என்று அழைத்தது. கோயிலில் கொடியேற்றப் போனது, ஜெயிலுக்குப் போனது, காமராஜரை வளர்த்தது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த நாட்டுக் குடியானவனின் கடலையும் பருத்தியும் எந்த நாட்டில், என்ன தீர்வையில் விலை போவது என்பதைப் பற்றி நடந்த பெரும் போராட்டத்திலும் அவர் இருந்தார். அது பலருக்குத் தெரியாது.

சமஸ்தானத்துப் பிள்ளை

அப்போது புதுக்கோட்டை ஒரு சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள். சுற்றிலும் திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் என்று பிரிட்டிஷ் ஜில்லாக்கள். சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினக் கரையெல்லாம் அன்று தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தவை.

செம்மண் பூமி. மழை பெய்தால் விளைச்சல், இல்லையென்றால் கண்ணீர். ஏரி நீர் எட்டாத மேட்டு நிலத்தில் வரகும் கேழ்வரகும் கடலையும் விளையும். இதில் கடலை காசுக்கு விற்கிற பயிர். அதன் விலை சந்தையில் நிர்ணயமாவதில்லை, சீமையில் நிர்ணயமாகும்.

சத்தியமூர்த்தி சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி. வக்கீலானார். ஆனால் மனம் கோர்ட்டில் நிற்கவில்லை. காங்கிரஸ் மேடைக்கு ஓடியது.

1919-ல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்றார். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் போதாது என்று அங்கே வாதாடப் போனபோது அவருக்கு வயது 32. 1923-ல் சென்னை சட்டசபைக்குப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து வந்தார். பேச்சு வன்மையால் தமிழ்நாடு முழுவதும் பெயர் பரவியது.

குறையில்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மசோதா கொண்டு வந்தபோது, அதை எதிர்த்து நின்றவர் சத்தியமூர்த்தி. முத்துலட்சுமியும் புதுக்கோட்டையில் பிறந்தவரே. ஒரே மண்ணின் இரண்டு பிள்ளைகள் எதிர் எதிராக நின்றார்கள். அந்த வழக்கில் சரித்திரம் முத்துலட்சுமியின் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது.

ஒட்டாவாவில் என்ன நடந்தது?

1929-ல் உலகத்தைப் பொருளாதார மந்தம் பிடித்தது. விளைபொருள் விலைகள் சரிந்தன. நெல், பருத்தி, கடலை எதையும் விற்று வரி கட்ட முடியாமல் குடியானவர்கள் தவித்தார்கள். ஒவ்வொரு நாடும் வாசலை அடைத்துக்கொண்டது. அயல்நாட்டுச் சரக்குக்குத் தீர்வை போட்டது.

அதுவரை சுதந்திர வாணிபம் பேசி வந்த இங்கிலாந்தும் 1932-ல் மாறியது. இறக்குமதியாகும் சரக்குகளில் பெரும்பாலானவற்றின் மேல் நூற்றுக்குப் பத்து தீர்வை விதித்தது. சாம்ராஜ்ய நாடுகளுக்கு மட்டும் அவ்வருஷம் நவம்பர் 15-ந் தேதி வரை விலக்குக் கொடுத்தது. அதற்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தீர்வை விழும்.

ஜூலை 21-ந் தேதி கானடாவின் தலைநகரான ஒட்டாவாவில் சாம்ராஜ்யப் பொருளாதார மாநாடு கூடியது. இந்தியக் குழுவுக்கு சர் அதுல் சாட்டர்ஜி தலைவர். கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அதில் ஓர் அங்கத்தினர். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஒப்பந்தத்தின் சாரம் இது. இந்தியக் கடலை, ஆளிவிதை, தேயிலை, காப்பி போன்றவை இங்கிலாந்தில் சலுகை பெறும். பதிலுக்கு, இந்தியாவுக்கு வரும் பிரிட்டிஷ் சரக்குகளில் பலவற்றுக்கு மற்ற நாட்டுச் சரக்கைவிடப் பத்து சதவிகிதம் தீர்வை குறைய வேண்டும். மோட்டார் வண்டிகளுக்கு ஏழரை சதவிகிதம்.

லாபமா, நஷ்டமா?

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கடலைக்குப் பத்து சதவிகிதச் சலுகை என்றால், 100 பவுன் பெறுமான பிரெஞ்சு ஆப்பிரிக்கக் கடலை லண்டனில் 110 பவுன் ஆகும். நம் கடலை 100 பவுனுக்கே இறங்கும். வியாபாரி எதை வாங்குவான்?

ஆதரித்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் நம் சரக்கின் தலையிலும் அந்தப் பத்து விழுந்திருக்கும். மந்த காலத்தில் உள்ள சந்தையையும் இழக்கலாமா என்றார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

எதிர்த்தவர்களின் கணக்கு வேறு. நம் கடலையை அதிகமாக வாங்கி வந்தது இங்கிலாந்தா? இல்லை. மார்செய்ல்ஸ் துறைமுகத்து எண்ணெய் ஆலைகள், ஜெர்மனி, ஹாலந்து, இத்தாலி. சென்னை, கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களிலிருந்து கடலை ஏறிய கப்பல்கள் பெரும்பாலும் ஐரோப்பாக் கண்டத்துக்கே போயின. பருத்திக்குப் பெரிய கிராக்கி ஜப்பான்.

சின்னக் கடையில் சலுகை வாங்கிக்கொண்டு பெரிய கடைக்காரனைப் பகைத்துக் கொள்வதா? ஜெர்மன் சரக்குக்கும் ஜப்பான் சரக்குக்கும் இங்கே அதிகத் தீர்வை போட்டால், அவர்கள் நம் விளைபொருளை ஏன் வாங்க வேண்டும்? அந்தப் பயம் வீண் பயமல்ல. 1933-ல் ஜப்பான் துணிக்கு இந்தியாவில் தீர்வை உயர்ந்தது. அது ஒட்டாவாவில் சேராத வேறு விஷயம். ஆனாலும் ஜப்பான் ஆலைகள் இந்தியப் பருத்தியை வாங்க மாட்டோம் என்று பகிஷ்காரம் செய்தன. சமரசம் 1934-ல்தான் ஏற்பட்டது. இடையில் அடி வாங்கியவன் பருத்தி விவசாயி.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. தேயிலையில் நமக்குப் போட்டி இலங்கை. கடலையில் ஒரு போட்டி நைஜீரியா. இரண்டும் சாம்ராஜ்யத்துக்குள் இருந்தவை. அவற்றுக்கும் அதே சலுகை. எல்லோருக்கும் கொடுத்த சலுகை யாருக்குச் சலுகை?

தேர்தலில் தீர்ப்பு

1932 டிசம்பரில் பழைய மத்திய சட்டசபை ஒப்பந்தத்தை ஏற்றது. காங்கிரஸ் அப்போது சபையில் இல்லை. தலைவர்கள் பலர் ஜெயிலில். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மூன்று வருஷ அனுபவத்தைப் பார்த்துச் சபை மீண்டும் யோசிக்கும். திருப்தி இல்லையென்றால் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து ரத்துச் செய்யலாம்.

1934 நவம்பரில் பொதுத்தேர்தல். காங்கிரஸ் மீண்டும் களத்தில் இறங்கியது. சென்னை நகரத் தொகுதியில் சத்தியமூர்த்தி நின்றார். எதிரே ஜஸ்டிஸ் கட்சியின் பெரும் புள்ளி ஏ. ராமசாமி முதலியார். சத்தியமூர்த்தி வென்றார்.

அதே தேர்தலில் வர்த்தகர் தொகுதியில் சண்முகம் செட்டியார் தோற்றார். அவர் அப்போது மத்திய சட்டசபையின் தலைவர். காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியார் வென்றார். ஒட்டாவாவில் போட்ட கையெழுத்தும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணம் என்று பேசப்பட்டது. பின்னாளில் அதே சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி நேரத்துப் புலி

டில்லியில் காங்கிரஸ் கட்சித் தலைவர் புலாபாய் தேசாய். துணைத் தலைவர் சத்தியமூர்த்தி. கேள்வி நேரம் வந்தால் சர்க்கார் மந்திரிகளுக்குக் கிலி. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும். அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். துணைக்கேள்வி என்ற ஆயுதத்தை அவரைப் போல் வீசியவர் இல்லை என்று பெயர் வாங்கினார்.

ஆனால் அந்தச் சபை எப்படிப்பட்ட சபை? 145 அங்கத்தினர்களில் 41 பேர் சர்க்கார் நியமனம். மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே. காங்கிரஸ் தனியாக எதையும் ஜெயிக்க முடியாது. சுயேச்சைகளின் ஆதரவு வேண்டும். அவர்களுக்கு ஜின்னா தலைவர்.

1936 மார்ச்சில் ஒட்டாவா ஒப்பந்தம் சபைக்கு வந்தது. மூன்று வருஷக் கணக்குகளை இரு தரப்பும் அலசின. இங்கிலாந்துக்குப் போன சரக்கு கூடியிருக்கிறது என்று சர்க்கார் காட்டியது. மற்ற நாடுகளுக்குப் போனதில் என்ன ஆயிற்று என்று எதிர்க்கட்சி கேட்டது. ஜின்னா ஒரு திருத்தம் கொண்டு வந்தார். ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. காங்கிரஸ் ஆதரித்தது. மார்ச் 30-ந் தேதி ஓட்டெடுப்பு. திருத்தத்துக்கு 70, எதிர்த்து 65. ஐந்து ஓட்டில் சர்க்கார் தோற்றது.

மே மாதம் சர்க்கார் நோட்டீஸ் கொடுத்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. புதிய ஒப்பந்தம் வரும் வரை பழைய ஏற்பாடே தற்காலிகமாக ஓடியது. பேச்சு வார்த்தை மூன்று வருஷம் இழுத்தது. 1939 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. லங்காஷயர் ஆலைகள் எவ்வளவு இந்தியப் பருத்தி வாங்குகின்றனவோ, அதற்கு ஏற்றபடி அவர்கள் துணிக்கு இங்கே தீர்வை கூடும், குறையும் என்பது அதில் ஒரு விசேஷ ஷரத்து. சட்டசபை இதையும் நிராகரித்தது. வைசிராய் தமது தனி அதிகாரத்தால் நிறைவேற்றினார்.

ஓட்டு ஜெயித்தது, அதிகாரம் தோற்கவில்லை. அடிமை நாட்டுச் சட்டசபையின் எல்லை அவ்வளவுதான் என்பதை உலகம் பார்த்தது. அந்த எல்லையை ஊரறியச் செய்ததே அந்த ஐந்து ஓட்டின் வெற்றி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, வேதனையும் உண்டு. சத்தியமூர்த்தி பிறந்த புதுக்கோட்டைக் குடிகளுக்கு அந்தச் சபைக்கு ஓட்டே கிடையாது. சமஸ்தானத்துக் கடலை பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டித்தான் துறைமுகம் போக வேண்டும். தீர்வையால் விலை ஏறினாலும் இறங்கினாலும் அனுபவிப்பவன் அந்தக் குடியானவன். கேட்க அவனுக்கு வாயில்லை. சென்னை நகரத்து ஓட்டில் டில்லிக்குப் போன திருமயத்துப் பிள்ளை கேட்டதுதான் அவனுக்கும் கேள்வியாயிற்று.

கடைசி நாட்கள்

1937-ல் சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. தமக்கு உரிய பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக் கொடுத்தார் சத்தியமூர்த்தி. ராஜாஜி பிரதமரானார். சத்தியமூர்த்தி டில்லியிலேயே இருந்தார்.

1939-ல் சென்னை மேயரானார். நகரம் குடிநீருக்குத் தவித்த நேரம். பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட விடாமல் முயன்றார். 1940-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-ல் வேலை முடிந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: சத்தியமூர்த்தி சாகர். அதைப் பார்க்க அவர் இல்லை.

1942 ஆகஸ்டு இயக்கத்தில் கைதானார். தூரத்து அமராவதி ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள். உடல் நொறுங்கியது. 1943 மார்ச் 28-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 55.

விட்டுப்போன கேள்வி

நான்கு வருஷம் கழித்து நாடு விடுதலை பெற்றது. 1947 அக்டோபரில் ஜெனீவாவில் தீர்வைகளைப் பற்றிய பொது உடன்படிக்கையில் 23 நாடுகள் சேர்ந்தன. இந்தியாவும் அதில் ஒன்று. அந்த உடன்படிக்கையின் வாரிசாக 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. இங்கிலாந்துடன் இந்தியா மறுபடியும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் 2025 ஜூலை 24-ந் தேதி கையெழுத்திட்டது. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டது சுதந்திர இந்தியா.

ஆனாலும் சத்தியமூர்த்தி காலத்துக் கேள்வி சாகவில்லை. அயல்நாட்டோடு ஒப்பந்தம் செய்வது சர்க்காரின் அதிகாரம். பார்லிமெண்டின் சம்மதம் பெற்றே கையெழுத்திட வேண்டும் என்று நமது அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எந்தச் சந்தை திறக்கிறது, பதிலுக்கு எது போகிறது, லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று மக்கள் பிரதிநிதிகள் விடாமல் கேட்டால்தான் கணக்கு வெளியே வரும்.

புதுக்கோட்டை 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமாயிற்று. கடலோரப் பகுதியும் அதோடு சேர்ந்தது. திருமயத்துக் குடியானவனுக்கு இன்று ஓட்டு இருக்கிறது. டில்லியில் அவன் சார்பில் பேச ஆள் இருக்கிறார். துணைக்கேள்வி கேட்கும் வழக்கத்தை அந்த ஊர்ப் பிள்ளை எப்போதோ காட்டிக் கொடுத்துவிட்டார்.