கோழிக் கூடத்தில் படம் பிடித்த சீமாட்டி

ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையார் 1815-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சட்ட நிபுணர். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் உடையவர். பின்னர் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது.

1863-ம் ஆண்டு கடைசியில் மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். பொழுது போகட்டுமே என்றுதான்! அப்போது அவருக்கு வயது 48. அதற்குமேல் அவர் காமிராவை விடவே இல்லை.

நிலக்கரி போட்டுவைக்கும் அறை இருட்டறை ஆயிற்று. கோழிகளை வெளியேற்றினார், கண்ணாடி போட்ட கோழிக் கூடம் ஸ்டூடியோ ஆயிற்று! அக்காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்துக் கழுவ வேண்டும். மருந்து பட்டுக் கைகள் கறுத்தன.

வேலைக்காரிகளையும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் பிடித்து உட்காரவைப்பார். வேலைக்காரி மேரி ஹில்லியர் அவர் படங்களில் தேவமாதா ஆனாள். விஞ்ஞானி டார்வினும் கவிஞர் டென்னிசனும்கூட அவர் காமிராமுன் உட்கார்ந்தார்கள். சில நிமிடங்கள் அசையக்கூடாது. பாவம்!

முகம் அழகாகத் தெரிந்ததும் லென்சை நிறுத்திவிடுவார், கூர்மையாகும்வரை திருகமாட்டார். அதனால் படங்கள் சற்று மங்கலாக இருக்கும். தொழில் தெரியாதவர் என்று போட்டோ பத்திரிகைகள் கேலி செய்தன. அம்மையார் மசியவில்லை. அதே படங்களை 1865-ல் லண்டனிலுள்ள தென் கென்சிங்டன் கண்காட்சிசாலை விலைக்கு வாங்கியது.

1875-ல் கணவருடன் இலங்கைக்குப் போனார். அங்கே உழைப்பாளிகளைப் படம் பிடித்தார். 1879 ஜனவரியில் காலமானார். மலைநாட்டில், பொகவந்தலாவை கிறிஸ்தவ ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.