மயிலாப்பூருக்கு வந்த அணு மேதை

ஃபிசிக்ஸ் பரீட்சையில் அணு மாதிரிப் படம் போட்டு மார்க் வாங்கியிருப்போம். அந்த மாதிரிக்குச் சொந்தக்காரரான நீல்ஸ் போர் நம்ம மயிலாப்பூருக்கே வந்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர்தான் போர்; மனுஷர் சண்டைக்கு எதிரி!

1885 அக்டோபர் 7-ல் கோபன்ஹேகனில் பிறந்தார். 1913-ல் அணு மாதிரி, 1922-ல் நோபல் பரிசு. 1921-ல் அங்கே அவர் திறந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் பல நாட்டு இளைஞர்கள் வந்து படித்தார்கள்.

1939-ல், யுரேனியம் அணுவைப் பிளக்க முடியும் என்ற செய்தி பரவியது. ஹிட்லர் கையில் சிக்கிவிடுமே, மேற்கொண்டு எதையும் வெளியிட வேண்டாம் என்றார் சிலார்ட் என்ற விஞ்ஞானி. போருக்கு மனசு ஒப்பவில்லை. விஞ்ஞானத்தைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

ஆனால் காலம் அவரையும் பூட்டுக்குள் தள்ளியது. 1943-ல் நாஜிகளிடமிருந்து படகேறி ஸ்வீடனுக்குத் தப்பினார். பிறகு அமெரிக்காவில் நிக்கலஸ் பேக்கர் என்ற பொய்ப் பெயரோடு அணுகுண்டு வேலைக்கு ஆலோசனை சொன்னார். 1944-ல் சர்ச்சிலையும் ரூஸ்வெல்ட்டையும் சந்தித்து, ரஷ்யாவோடு இப்போதே பேசாவிட்டால் ஆயுதப் போட்டி வரும் என்று எச்சரித்தார. கிடைத்த பரிசு? அவரையே கண்காணிக்க வேண்டும் என்று இரண்டு தலைவர்களும் எழுதி வைத்ததுதான்!

அவர் ரகசியத்தை விற்றாரா? இல்லவே இல்லை. 1945 நவம்பரில் ஒரு ரஷ்ய விஞ்ஞானி கேள்விகளோடு வந்தபோது, முன்கூட்டியே அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, அமெரிக்கா ஏற்கெனவே அச்சிட்டு வெளியிட்ட விஷயங்களோடு நிறுத்திக்கொண்டார். அதே மனுஷர்தான் 1950 ஜூன் 9-ல், நாடுகள் ஒன்றுக்கொன்று கதவைத் திறக்க வேண்டும் என்று ஐ.நா. சபைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

1960-ல் சென்னை வந்தார். மயிலாப்பூர் லஸ் பகுதியில் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டி வைத்து பௌதிகம் பேசுவார். அந்தப் பையன்களோடு போரும் உட்கார்ந்து பேசினார், மனம் திறந்து பாராட்டினார். அந்த வீட்டுக் கூடம்தான் வளர்ந்து, 1962 ஜனவரி 3-ல் கணித அறிவியல் நிறுவனம் ஆயிற்று. இன்று அது அடையாறு தாண்டி, தரமணியில், சென்ட்ரல் பாலிடெக்னிக் இருக்கும் அதே சி.ஐ.டி. வளாகத்தில் நிற்கிறது. அந்த வருஷமே நவம்பர் 18-ல் போர் மறைந்தார்.

விஞ்ஞானத்தின் பலனில் பங்கு பெறுவது மனித உரிமை என்று ஐ.நா. 1948-லேயே அறிவித்துவிட்டது. குண்டு செய்யும் முறைக்குப் பூட்டு வேண்டியதுதான். அணு என்றால் என்ன என்று கேட்கிற பையனுக்குக் கதவைச் சாத்தக் கூடாது. எதற்குப் பூட்டு, எதற்குத் திறந்த கதவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் போர். நாளைக்கு வேலைக்குப் போகும் நாமும் அதைத் தெரிந்துகொள்வோம்!