கோகலேயும் இருதிறத்தார் பழியும்

நடுநின்று பேசுவோனுக்கு இருபுறத்தும் பகை உண்டாதல் உலகியற்கை. அத்தகைய பகையைத் தாமும் தாம் நிறுவிய சங்கமும் ஒருங்கே தாங்கிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

கோபால கிருஷ்ண கோகலே 1866-ம் ஆண்டு மே மாதம் 9-ந் திகதி, மராட்டிய நாட்டிலே, இரத்தினகிரிப் பகுதியில், வறிய அந்தணர் குடியிற் பிறந்தார். பட்டம் பெற்றபின் பெரும்பொருள் தரும் உத்தியோகங்களை நாடாது, பூனாவிலே மாதம் 75 ரூபாவுக்கு ஆசிரியத்தொழில் பூண்டு, 1902-ல் 30 ரூபா உபகாரச் சம்பளத்துடன் விலகினார். அவ்வாண்டே இந்தியப் பேரரசுச் சட்டசபையிலும் அமர்ந்தார்.

1905-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் திகதி இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். சேர்ந்தோர் தமக்கெனப் பொருளீட்டாது, ஐந்தாண்டு பயின்று, வாழ்நாள் முழுதும் நாட்டுக்குழைத்தல் விதி. ஆங்கிலேயர் தொடர்பை ஏற்றுக்கொண்டு, சட்டநெறி பிறழாமல், குடியேற்ற நாடுகள் போலத் தன்னாட்சி பெறுதலே அதன் நோக்கம்.

இந்நோக்கம் இருதிறத்தார்க்கும் கசந்தது. திலகரைச் சார்ந்த தீவிரவாதிகள் இதனைக் கோழைகளின் இரப்பென இகழ்ந்தனர். 1907-ல் சூரத்து நகரிற் காங்கிரஸ் இரண்டாய்ப் பிளந்தது. ஆங்கில அதிகாரிகளுட் பலரோ, இது பணிவென்னும் போர்வையுள் மறைந்த இராசத்துரோகமென ஐயுற்றனர்.

இருபுறத்தாரும் பழித்தல் ஒருவர் செம்மைக்குச் சான்றாகாது. உண்மையிற் பிழைத்தவனையும் இருபுறத்தாரும் பழிப்பரன்றோ? ஆதலின் யாம் பழியை விடுத்து வினையையே நோக்குதல் வேண்டும். நேத்தாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புதலைத் தடுக்குமாறு 1910-ல் சட்டசபையிலே தீர்மானங் கொணர்ந்தார். அரசினர் இசைந்து 1911-ல் அதனை நிறுத்தினர். அங்ஙனம் சென்று அல்லலுற்றோருள் தமிழர் மிகப்பலர். அவ்வாண்டே கட்டாய ஆரம்பக் கல்விக்கு மசோதாக் கொணர்ந்தார். அது 1912-ல் 13-க்கு எதிர் 38 வாக்குகளால் தோற்றது. நயந்து கேட்டலாற் பயனில்லையென்ற தீவிரவாதிகளின் கூற்று இங்கே பொருந்திற்றென்பதை யாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் அவர் இட்ட வித்து அழிந்திலது. ஆறு முதற் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகட்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2009-ல் இந்தியாவில் நிறைவேறிற்று.

1914-ல் அரசர் வழங்கவிருந்த சேர்ப் பட்டத்தை வேண்டாமென மறுத்தார். 1915-ம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19-ந் திகதி, நாற்பத்தெட்டாம் வயதில் உயிர்நீத்தார். ஈமக்களத்திலே அவர்தம் அருமை பேசி, அவரைப் பின்பற்றுமாறு மக்களுக்குரைத்தோருள் திலகரும் ஒருவர். சங்கத் தலைமை வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரைச் சார்ந்தது. அவரும் திருவல்லிக்கேணியிலே தலைமையாசிரியராயிருந்தவர். பொதுப்பணி புரியப் புகுவோர் இருபுறத்துப் பழியையும் எதிர்பார்த்தே புகுதல் நன்று. அப்பழியால் தளராமலும், அதனையே பெருமையெனக் கொள்ளாமலும் கருமத்தை முடித்தல் அதனினும் நன்று.