பற்களில் கயிறு, அந்தரத்தில் உடல்: டெகா வரைந்த ‘மிஸ் லா லா’ யார்?

கைகள் கயிற்றைப் பிடிக்கவில்லை. முழங்கால்கள் பின்னால் மடங்கியிருக்கின்றன, தலை அண்ணாந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் மொத்த எடையையும் தாங்குவது பற்களால் அவர் கடித்திருக்கும் ஒரு பிடிதான். பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா, பாரிஸின் ஃபெர்னாண்டோ சர்க்கஸில் 1879 ஜனவரியில் பார்த்து வரைந்த காட்சி இது.

யார் இவர்?

மேடைப் பெயர் மிஸ் லா லா. சொந்தப் பெயர் அன்னா ஆல்பர்டினா ஓல்கா பிரவுன். இன்று போலந்தில் இருக்கும் ஷ்டெட்டின் நகரம் பிரஷ்யாவின் கையில் இருந்தபோது, 1858-ல் அங்கே பிறந்தார். அப்பா கறுப்பினத்தவர், அம்மா வெள்ளையர். சின்ன வயசிலேயே சர்க்கஸுக்கு வந்துவிட்டார்.

பிறந்தது ஐரோப்பாவில்தான். ஆனாலும் விளம்பரங்கள் அவரை ‘கறுப்பு வீனஸ்’ என்றும் ஆப்பிரிக்க இளவரசி என்றும் கூவி விற்றன. டிக்கெட் விற்க அவருடைய திறமையோடு நிறமும் தேவைப்பட்டது.

திறமையும் சாதாரணமானதில்லை. டிரபீஸ் கம்பியில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்குவார். பற்களால் ஒரு பீரங்கியைச் சங்கிலியோடு தாங்கிப் பிடிப்பார். அப்படியே அதை வெடிக்க வைப்பார்கள்!

படத்தை எப்படிப் பார்ப்பது?

டெகா அந்தப் பீரங்கியை விட்டுவிட்டு, பற்களில் தொங்கியபடி அவர் கூரையை நோக்கி மேலே போகும் காட்சியை எடுத்துக்கொண்டார். அதுக்காகப் பல நாட்கள் சர்க்கஸுக்குப் போய், தேதி போட்டு, திரும்பத் திரும்ப வரைந்தார். பென்சில், சாக், பாஸ்டல் எனப் பல ஸ்கெட்ச்கள்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ சர்க்கஸ் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கழுத்து வலிக்க மேலே பார்த்திருந்தால், இந்தக் கோணம் உடனே புரியும். படத்தில் பார்வையாளர் கூட்டமே இல்லை. கீழே உட்கார்ந்திருப்பது நாம்தான். அவரும் படத்தின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக, மேலே இருக்கிறார். கூரையின் வளைவுகளைச் சரியாக வரைவது டெகாவுக்கே சவாலாக இருந்தது.

முகம் சரியாகத் தெரியாது. தெரிவது இழுபடும் கழுத்தும், சமநிலைக்காக விரிந்த கைகளும்தான். போஸ்டர்கள் அவருடைய நிறத்தை விற்றபோது, டெகாவின் கோடுகள் அவருடைய வேலையைப் பதிவு செய்தன. ஆனால் ஓவியத்தின் தலைப்பில் இருப்பதும் அதே மேடைப் பெயர்தான்.

பிறகு என்ன ஆனார்?

அவரோடு ஜோடியாக சாகசம் செய்த கைரா, 1888-ல் கீழே விழுந்து இறந்துபோனார். அதே வருடம் அமெரிக்க சர்க்கஸ் கலைஞர் இமானுவேல் உட்சனை மிஸ் லா லா திருமணம் செய்துகொண்டார். மூன்று மகள்கள் பிறந்தார்கள். டெகா 1917-ல் மறைந்தார். மிஸ் லா லா 1945 வரை வாழ்ந்தார்.

லண்டன் நேஷனல் கேலரியில் அந்த ஓவியம் 1925-லிருந்து இருக்கிறது. அவரை மையமாக வைத்து அங்கே ஒரு கண்காட்சி நடந்தது 2024-ல்தான். அதில் ஸ்கெட்ச்களோடு அவருடைய போட்டோக்களும் இடம்பெற்றன. ஓவியத்தில் சரியாகத் தெரியாத முகத்தை அங்கே பார்க்க முடிந்தது.